டெல்டா சாலையில் பைக் ஜிபிஎஸ் மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் பைக்கில் மாட்டிய ஜிபிஎஸ் தகராறு செய்தால், எடுத்த எடுப்பில் வாயில் வருவது "இங்க சிக்னல் கிடைக்கலப்பா" என்பதுதான். டெல்டாவில் அது உண்மையான காரணமாக இருப்பது அபூர்வம். இங்கே மலை கிடையாது, வானத்தை மறைக்கும் அடுக்குமாடி வரிசை கிடையாது. வயலுக்கு நடுவே வண்டியை நிறுத்தினால் நாலு திசையிலும் வானம் திறந்து கிடக்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிடம் சிக்னல் வாங்க இது நல்ல தோதான நிலம். ஆகவே இங்கே சந்தேகப்பட வேண்டிய வரிசை வேறு: முதலில் கரண்ட், அடுத்து சூடு, பிறகு தண்ணீர், அதற்கப்புறம் மேப். வானத்தைக் கடைசியாகச் சந்தேகப்பட்டால் போதும்.

கீழே உள்ளவை ஹேண்டில்பாரில் மாட்டிய ஃபோனை மனதில் வைத்து எழுதியவை. இந்தப் பக்கம் பெரும்பாலானவர்கள் ஓட்டுவது அப்படித்தான். பைக்குக்கென்றே செய்த நேவிகேட்டர் வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம். ஆற்றைக் கடப்பது பற்றிய பகுதியை மட்டும் தயவுசெய்து எல்லோரும் படித்துவிடுங்கள்; அது உயிர் சம்பந்தப்பட்டது.

சார்ஜரில் செருகியிருந்தும் சார்ஜ் இறங்குகிறது

முழு வெளிச்சத்தில் திரை, மொபைல் டேட்டா, ஜிபிஎஸ், புளூடூத் எல்லாம் ஒன்றாக ஓடும்போது 5 வோல்ட், 1 ஆம்பியர் கொடுக்கும் சாக்கெட், அதாவது 5 வாட், பல ஃபோன்களுக்குப் பற்றாது. 2 ஆம்பியருக்கு மேல் நிஜமாகவே கொடுக்கும் சாக்கெட் வேண்டும். ஆனால் சாக்கெட்டை மாற்றுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். நீளமான மெல்லிய கேபிளில் வோல்டேஜ் வழியிலேயே விழுந்துவிடும். அதே கேபிளை வீட்டுச் சார்ஜரில் போட்டாலும் நத்தை வேகத்தில் ஏறினால் குற்றவாளி அதுதான்.

சார்ஜ் ஏறுவதும் நிற்பதுமாக இருக்கிறது, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'டிங்' என்று சத்தம் வருகிறது என்றால் அது அதிர்வின் வேலை. வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு ஹேண்டிலை இடது கோடிவரை திருப்புங்கள், பிறகு வலது கோடிவரை. ஏதாவது ஒரு பக்கத்தில் கேபிள் விறைத்துக்கொண்டு ஃபோனின் சார்ஜ் துளையை இழுக்கிறதா என்று கிட்டப் போய்ப் பாருங்கள். இழுத்தால், ஹோல்டருக்குக் கீழே ஒரு சாண் கேபிளைத் தளர்வாக வளைத்து விட்டு, அந்த வளைவுக்குக் கீழே ஹேண்டில்பாரோடு கேபிள் டை போட்டு இறுக்குங்கள். இனி குலுக்கலின் பாரம் கட்டிய இடத்தில் விழும், துளையில் விழாது. எல் வடிவ முனையுள்ள கேபிள் கிடைத்தால் இன்னும் நல்லது. இந்த ஒரு காரியத்தைச் செய்யாததால்தான் பல ஃபோன்களின் சார்ஜ் துளை சீக்கிரமே ஆட்டம் கொடுத்துவிடுகிறது.

ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போது, ஐடிலில் மட்டும் சார்ஜ் இறங்குகிறதா? கவலை வேண்டாம். சின்ன வண்டிகளில் குறைந்த ஆர்பிஎம்மில் சார்ஜிங் பலவீனமாகத்தான் இருக்கும். ஓடும்போதும் இறங்கினால் மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் ஆஃபில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும், இன்ஜின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் கோளாறு வண்டியில். ஃபோனை நோண்டிப் பிரயோஜனமில்லை.

இரண்டு வாரம் நிறுத்தி வைத்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

சாக்கெட்டை நேரடியாகப் பேட்டரியில் கொடுத்திருப்பார்கள். ஃபோன் மாட்டாவிட்டாலும் சாக்கெட்டுக்குள் இருக்கும் சர்க்யூட்டும் அதிலுள்ள எல்இடி விளக்கும் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். நூறு சிசி வண்டிகளில் பேட்டரி 3, 4 ஆம்பியர்-மணி அளவுதான். வெறும் 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலும் 3 ஆம்பியர்-மணி பேட்டரி 300 மணி நேரத்தில் காலி. கணக்குப் போட்டால் 12 நாள் சொச்சம். செல்ஃப் மோட்டார் அதற்கு முன்பே கைவிரித்துவிடும்.

சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் வயரில் சாக்கெட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஹாரன் லைனிலிருந்து எடுப்பது வழக்கம். இன்னும் ஒழுங்கான முறை, அந்த வயரை வைத்து ஒரு ரிலேயை (சின்னக் கரண்டில் இயங்கும் தானியங்கி சுவிட்ச்) இயக்கி, சாக்கெட்டுக்கு வேண்டிய கரண்டைப் பேட்டரியிலிருந்தே, பேட்டரியை ஒட்டி ஒரு ஃபியூஸ் போட்டு எடுப்பது. ஃபியூஸ் இல்லாமல் வயரிங் செய்து தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். டேங்குக்கு அடியில் வயர் உரசி ஷார்ட் ஆனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெயிலில் திரை மங்குகிறது, சார்ஜ் ஏற மறுக்கிறது, கடைசியில் அணைந்துவிடுகிறது

சித்திரை, வைகாசியில் வரும் நோய் இது. ஐஃபோனை 0 முதல் 35 டிகிரி வரையான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள் நிறுவனம். அக்னி நட்சத்திரத்தில் பகல் பதினோரு மணிக்குத் தஞ்சாவூர் புறவழிச் சாலையில் அந்த 35 எங்கே இருக்கிறது? சூடு ஏறியதும் ஃபோன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் வெளிச்சத்தைக் குறைக்கும், அடுத்து சார்ஜிங்கை நிறுத்தும், பிறகு தானே அணையும். திரை மங்குகிறதே என்று வெளிச்சத்தைக் கூட்டுவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

மழைக்காக மாட்டிய பிளாஸ்டிக் உறை இன்னும் ஃபோன் மேல் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். கோடையில் அந்த உறைக்குள் காற்று நுழையாது. தடிமனான பின் கவரையும் கழற்றுங்கள். வயர்லெஸ் சார்ஜிங் உள்ள ஹோல்டர் என்றால் கோடை முடியும்வரை கேபிளுக்கு மாறுங்கள். வயர்லெஸ் முறையில் வீணாகும் மின்சாரம் சூடாகத்தான் வெளியே வரும். கிளம்பும்போதே நூறு சதவீதம் சார்ஜ் இருந்தால், உச்சி வெயிலில் சார்ஜரே போடாமல் ஓட்டி, நிழலில் டீ குடிக்க நிற்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றையும்விடப் பலன் தருவது திரையை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்டு ஓட்டுவது. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் பத்து நிமிடம் திருப்பமே வராது. அந்தப் பத்து நிமிடமும் திரை எதற்கு எரிய வேண்டும்? சூடும் குறையும், கண்ணும் சாலையில் இருக்கும். சட்டமும் அதைத்தான் எதிர்பார்க்கிறது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவியை வழி பார்க்க மட்டுமே, அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்கிறது.

ஃபோன் அணைந்தே போய்விட்டதா? ஐஸ் தண்ணீர் பாட்டிலில் ஒட்டி வைக்காதீர்கள். திடீரென்று குளிர்ந்தால் உள்ளே ஈரம் கோக்கும். கவரைக் கழற்றிப் புளியமர நிழலில் காற்றாட வைத்தால் தானே வழிக்கு வரும்.

மழையில் திரை தானாக எதையோ அழுத்துகிறது

தொடுதிரை மின்னூட்டத்தை உணர்ந்து வேலை செய்வது. விழுகிற துளியையும் அது விரல் என்றே நினைக்கும். ஐப்பசி அடைமழையில் மேப் தானாகப் பெரிதாவது, வழி ரத்தாவது, யாருக்கோ அழைப்பு போவது எல்லாம் இதனால்தான். மழை தொடங்கும் முன்பே திரையை அணைத்து, ஃபோனை ரெயின்கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டு குரலை நம்புங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு அந்தத் துணி ஒரு தடையே இல்லை.

தண்ணீர், தூசு தாங்கும் தரக்குறியீடான ஐபி 67 பெட்டியில் போட்டிருக்கிறதே என்றால், அது 1 மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் அசையாமல் கிடந்ததற்கான சோதனை. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் அறைகிற மழைக்கும், கேபிள் செருகிய ஈரத் துளைக்கும் அந்தச் சான்று பேசாது. சார்ஜ் துளையில் ஈரம் என்று எச்சரிக்கை வந்தால் கேபிளை உடனே உருவுங்கள். துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் அரை மணி நேரமாவது விடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைக்கும் வைத்தியம் நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. அதைச் செய்ய வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அரிசித் துகள் துளைக்குள் போய்க் கெடுத்துவிடும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி என்று கடலோரமே ஓட்டுகிறவர்களுக்கு மழையைவிட உப்புக் காற்று மோசம். சாக்கெட்டின் உள்தகட்டில் பச்சை பூத்திருந்தால் சுரண்டிப் பார்க்காதீர்கள், சாக்கெட்டை மாற்றிவிடுங்கள். ரப்பர் மூடி உள்ளதாக வாங்கி, பயன்படுத்தாதபோது மூடியே வையுங்கள்.

ஃபோன் தலை கவிழ்கிறது. கேமராவில் படம் தெளிவாக வரவில்லை

கண்ணாடித் தண்டில் மாட்டும் ஹோல்டர் என்றால் தலை கவிழத்தான் செய்யும், கூடவே கண்ணாடியும் தளரும். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் வகைக்கு மாறுங்கள். கவ்விக்கு அடியில் பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றி இறுக்கினால் பிடி நிற்கும்.

கேமரா விஷயம் பெரிது. ஃபோன் கேமராவில் படம் ஆடாமல் இருக்க லென்ஸைத் தாங்கும் நுண்ணிய அமைப்பு ஒன்று உண்டு. சக்தி வாய்ந்த பைக் இன்ஜினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியே தொடர்ந்து ஏறினால் அது பழுதாகலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் எச்சரித்தது. ஒற்றை சிலிண்டர் பெரிய வண்டிக்காரர்கள் அதிர்வு தாங்கும் டேம்பர் வைத்த ஹோல்டரை வாங்குங்கள். என் யோசனை இன்னும் எளிது: வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஃபோனை வண்டிக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். கல்யாணப் படம் எடுக்கும் ஃபோன் சட்டைப் பையில் இருக்கட்டும்.

நின்றால் அம்பு சுற்றுகிறது

ஓடும்போது ஃபோன் உங்கள் நகர்வை வைத்துத் திசையைக் கணிக்கிறது. நின்றதும் உள்ளே இருக்கும் காந்த உணரியை நம்புகிறது. காந்தம் வைத்த ஹோல்டர், காந்த டேங்க் பேக் எதுவானாலும் அதைக் குழப்பும். பத்தடி ஓட்டினாலே அம்பு நேராகிவிடும். ஆகவே நாற்சந்தியில் நின்றுகொண்டு அம்பை நம்பித் திரும்பாதீர்கள். காந்தம் எதுவும் இல்லாமலே சுற்றினால், ஃபோனைக் கையில் எடுத்து எட்டு போடுவது மாதிரி சில தடவை சுழற்றுங்கள்.

இடம் தாவுகிறது, பக்கத்து வயலில் ஓடுவதாகக் காட்டுகிறது

இங்கேதான் நிஜமாகவே சிக்னலைப் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ்டெஸ்ட் போன்ற இலவச ஆப் ஒன்றை இறக்குங்கள். எத்தனை செயற்கைக்கோள், ஒவ்வொன்றின் பலம் எவ்வளவு என்று பட்டை பட்டையாகக் காட்டும். திறந்த வெளியில் நல்ல ஃபோனில் பல பட்டைகள் 35 முதல் 45 டிபி-ஹெர்ட்ஸ் (சிக்னல் பலத்தின் அலகு) வரை நிற்கும். 25-க்குக் கீழே கிடந்தால் ஏதோ மறைக்கிறது அல்லது குறுக்கிடுகிறது.

இப்போது ஒரு சோதனை. மரமில்லாத இடத்தில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, சார்ஜர் கேபிள் செருகியபடி அந்த எண்களைப் பாருங்கள். பிறகு கேபிளை உருவுங்கள். சற்று நேரத்தில் பட்டைகள் மளமளவென்று உயர்ந்தால், உங்கள் மலிவு சாக்கெட் மின்காந்த இரைச்சலைக் கக்குகிறது என்று அர்த்தம். செயற்கைக்கோள் சிக்னல் தரைக்கு வரும்போது மிக மிக மெலிந்த சிக்னல். பக்கத்திலேயே இரைச்சல் இருந்தால் அமுங்கிப்போகும். சாக்கெட்டை மாற்றினால் அல்லது ஃபோனை விட்டு எட்டித் தள்ளி சீட்டுக்கு அடியில் வைத்தால் சரியாகிவிடும். இதைத் தெரியாமல் நல்ல ஃபோனையே மாற்றியவர்கள் உண்டு.

கேபிளை உருவியும் பலம் ஏறவில்லை என்றால், உலோகத் தகடு வைத்த கவர், காந்த ஒட்டு ஆகியவற்றைக் கழற்றிப் பாருங்கள். மழையில் நனைந்த அடர்ந்த புளியமர வரிசைக்கு அடியிலும், மூங்கில் தோப்பு ஓரத்திலும் கொஞ்சம் குறைவது இயல்பு.

பலம் நன்றாக இருந்தும் தப்பான சாலையைக் காட்டுகிறதா? திறந்த வெளியிலேயே ஃபோன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் பிசகும். திருச்சி–தஞ்சாவூர் நாலுவழிச் சாலையில் மேம்பாலத்துக்கும் அதை ஒட்டிய சர்வீஸ் ரோட்டுக்கும் இடைவெளியே அவ்வளவுதான். ஆப் இரண்டில் ஒன்றை யூகிக்கிறது. இதற்கு மருந்து கிடையாது. அங்கெல்லாம் பச்சைப் பலகையைப் படித்து ஓட்டுங்கள்.

திரையை அணைத்ததும் வழிகாட்டல் நின்றுவிடுகிறது

பேட்டரி சேவரை ஆஃப் பண்ணுங்கள். அமைப்புகளில் அந்த ஆப்புக்குப் பேட்டரிக் கட்டுப்பாடு வேண்டாம் என்றும், லொகேஷன் அனுமதியும் கொடுங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

நெட் போனால் வழியும் போகிறது

ஜிபிஎஸ்ஸுக்கு மொபைல் டவர் தேவையில்லை. மேப் படத்துக்குத்தான் தேவை. டவர் இல்லாத படுகைக் கிராமத்திலும் நீலப்புள்ளி சரியான இடத்தில்தான் நிற்கும், சுற்றிலும் வெறும் சாம்பல் கட்டமாக இருக்கும். கிளம்பும் முன் வீட்டு வைஃபையில் டெல்டா முழுவதையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்பில் இறக்கிய பகுதிக்குக் காலாவதி உண்டு, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். நெட் இல்லாதபோது டிராஃபிக் தகவலும் மாற்று வழியும் வராது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடும் ஓஸ்ம்அண்ட், ஆர்கானிக் மேப்ஸ் ஆகியவை முழுக்க முழுக்க நெட் இல்லாமலே ஓடும். இரண்டாவதாக இவற்றில் ஒன்று ஃபோனில் இருப்பது நல்லது. வாய்க்கால் கரை, ஒற்றையடிப் பாதை போன்றவற்றை இவை தனி வகையாக, வேறு கோட்டில் காட்டும்.

ஊர்ப் பெயரைப் போட்டால் வேறு ஊருக்கு இழுக்கிறது

ஆலங்குடி என்று மட்டும் போட்டால் குரு கோயில் உள்ள ஆலங்குடியும் வரலாம், புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடியும் வரலாம். தஞ்சாவூரிலிருந்து ஒன்று கிழக்கே, மற்றது தெற்கே. திருக்காட்டுப்பள்ளியும் அப்படித்தான்: மேலைத் திருக்காட்டுப்பள்ளி பூதலூர்ப் பக்கம், கீழைத் திருக்காட்டுப்பள்ளி திருவெண்காட்டுப் பக்கம், கிட்டத்தட்ட கடலோரம். நவக்கிரகக் கோயில் சுற்றுக்கு வெளியூரிலிருந்து பைக்கில் வருகிறவர்கள் இதில் அரை நாளைத் தொலைத்துவிடுவார்கள்.

ஊரோடு தாலுகாவையும் சேர்த்துப் போடுங்கள்: "ஆலங்குடி வலங்கைமான்". மாவட்டப் பெயரை நம்ப வேண்டாம். மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020 டிசம்பரில்தான்; பழைய முகவரிகளும் பத்திரிகைகளும் நாகப்பட்டினம் மாவட்டம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஆங்கில எழுத்தில் போட்டு, ஒரு எச் கூடவா குறைவா என்று திண்டாடுவதைவிடத் தமிழிலேயே தட்டச்சு செய்யுங்கள். கல்யாண வீடு, களத்துமேடு, கொல்லைப்புறத் தோட்டம் என்று பெயரே இல்லாத இடம் என்றால் அங்கிருப்பவரை வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பியதும் அவர் எந்த ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

ஆற்றைக் கடக்கச் சொல்கிறது, அங்கே பாலம் இல்லை

டெல்டாவின் சாலை அமைப்பே ஆறுகளைப் பொறுத்தது. காவிரியும் அதன் கிளைகளும் மேற்கிலிருந்து கிழக்காகப் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. கரையோடு போவது எளிது, கரையைக் கடப்பதுதான் பாடு. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் அந்தக் கொஞ்ச தூரத்தில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு குறுக்கே வருகின்றன. அங்கே நல்ல பாலங்கள் இருக்கின்றன. உள்ளே போகப் போக அப்படி இல்லை. போக வேண்டிய வீடு கண்ணுக்கு எதிரே தெரியும், பாலம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அந்த நேரத்தில்தான் ஆப் ஒரு குறுக்கு வழியைக் காட்டும்.

அந்தக் குறுக்கு வழி மூன்று விதம். ஒன்று, நடைபாலம் அல்லது சட்ரஸின் (ஆற்றுக்குக் குறுக்கே தண்ணீரைத் தடுத்துத் திறந்துவிடும் மதகு வரிசை) மேல்தளம். மேப்பில் கோடு சேர்ந்திருப்பதால் ஆப் அதைச் சாலை என்றே எண்ணும். சில இடத்தில் பைக் போகும், சில இடத்தில் நடுவே கல் நட்டிருப்பார்கள். இதில் போவது நேரம் மட்டும்தான். இரண்டாவது, தரைப்பாலம். வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும்போதோ மழைக்காலத்திலோ மேலே தண்ணீர் ஓடும். சாலையின் இரு விளிம்பும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் இறங்கவே கூடாது. முழங்கால் அளவு ஓடும் தண்ணீர் பைக்கைத் தள்ளிவிடும், அடியில் சாலை அரித்துப்போயிருந்தால் மேலிருந்து தெரியாது.

மூன்றாவதுதான் மிக ஆபத்து: கொள்ளிடத்து மணல் பாதை. கோடையில் ஆறு வறண்டதும் உள்ளூர்க்காரர்கள் மணலில் தடம் போட்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் பைக்கில் போய்வருவார்கள். அந்தத் தடம் மேப்பில் ஏறிவிடும். சேட்டிலைட் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தாலும் ஏமாந்துபோவீர்கள். மேகமில்லாத நாளில்தான் நல்ல படம் கிடைக்கும், அப்படிப்பட்ட நாட்களில் ஆறும் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். படத்தில் வெள்ளை மணலும் நடுவே தெளிவான தடமும் தெரிவதால் இப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

தண்ணீரின் நாட்காட்டியை மனதில் வையுங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். இருப்பு குறைந்த ஆண்டில் தள்ளிப்போகும். திறந்த சில நாட்களில் தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். மிஞ்சுகிற வெள்ளம் கொள்ளிடத்தில் இறங்கும். உபரி எப்போது திறப்பார்கள் என்பதற்கு நாள் கணக்குக் கிடையாது. காலையில் மணலாக இருந்த இடம் மாலையில் ஆறாக ஓடலாம். 2018 ஆகஸ்டில் வந்த வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஷட்டர்களே அடித்துச் செல்லப்பட்டன, திருச்சியில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்தது. அப்படிப்பட்ட நாட்களில் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைக் கேட்டு ஓட்டுங்கள், மேப்பை மூடி வையுங்கள்.

சரிசெய்யும் முறை வீட்டிலேயே தொடங்குகிறது. வழி போடும்போது எந்தப் பாலத்தில் கடக்கப்போகிறீர்கள் என்பதை நீங்களே முடிவு செய்து, அதை நடுவில் ஒரு நிறுத்தமாகச் சேருங்கள். கொள்ளிடம் என்றால் திருமானூர் பாலம், நீலத்தநல்லூர்–மதனத்தூர் பாலம், அணைக்கரை, சீர்காழிக்கு வடக்கே கொள்ளிடம் ஊர்ப் பாலம் போன்றவை. நிறுத்தம் சேர்த்துவிட்டால் ஆப் குறுக்கே இழுக்காது.

வழியில் தார்ச்சாலையை விட்டுக் கரையில் ஏறச் சொன்னால் பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். கேள்வி முக்கியம். "இப்படிப் போகலாமாண்ணே?" என்றால், நடந்து போகிறவருக்குச் சொல்வது மாதிரி "தாராளமா போலாம்" என்றுதான் பதில் வரும். "பைக் போகுமா? இப்ப தண்ணி ஓடுதா? அந்தப் பக்கம் தார் ரோடு இருக்கா?" என்று மூன்றையும் கேளுங்கள். "பாலம் இல்ல தம்பி, சட்ரஸ் வழியா சுத்திப் போங்க" என்று ஒருவர் சொன்னால் அதுவே முடிந்த முடிவு. ஆப் எத்தனை நிமிடம் மிச்சம் என்று காட்டினாலும் சரி.

இருட்டியபின் கரைச் சாலையே வேண்டாம். மூன்று மீட்டர் அகலம், தடுப்பு கிடையாது, ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல் பள்ளம், எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர். மழை பெய்திருந்தால் களிமண் டயரில் அப்பி மட்கார்டுக்குள் சிக்கிச் சக்கரமே நின்றுபோகும்.

சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை

குறுவை அறுவடையான புரட்டாசி, ஐப்பசியிலும், சம்பா, தாளடி அறுவடையான தை, மாசியிலும் பாதிச் சாலையில் நெல் காயும். ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள், இரவில் அது தெரியாது. நெல் மேல் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். நடவுக் காலத்தில் கேஜ் வீல் (சேற்றில் உழ மாட்டும் இரும்புச் சக்கரம்) டிராக்டர் சாலையில் உதிர்த்துவிட்டுப் போன சேறும் அப்படியே. கொள்முதல் நிலையத்து வாசலில் லாரி வரிசை, ரயில்வே கேட், தேர், ஆடிப்பெருக்குக் கூட்டம் எதுவும் உள்சாலைகளில் ஆப்புக்குத் தெரியாது. காட்டும் நேரத்தோடு நீங்களாகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், திரையைப் பார்க்காதீர்கள்.

குரல் புரியவில்லை

திருவிடைமருதூரையும் கீழப்பெரும்பள்ளத்தையும் ஆங்கிலக் குரல் கடித்துத் துப்பும். அமைப்புகளில் வழிகாட்டும் குரலைத் தமிழுக்கு மாற்றினால் ஊர்ப் பெயர் காதுக்குப் பிடிபடும். புளூடூத்தில் முதல் சொல் மட்டும் விழுங்கப்படுகிறது என்றால், ஹெட்செட் தூங்கி எழ நேரம் எடுக்கிறது. மிகக் குறைந்த ஒலியில் பாட்டு ஓடவிட்டால் அது விழித்தே இருக்கும். ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். பின்னால் வரும் பேருந்தின் ஹாரன் மற்றக் காதுக்குக் கேட்க வேண்டும்.

தனி நேவிகேட்டர்: இடமே பிடிக்கவில்லை, அல்லது தேதி தப்பு

சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்து கொடுத்த கருவி என்றால், அதில் இந்திய மேப் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இருந்தும் இடம் பிடிக்கவில்லை என்றால், கடைசியாக அணைத்த நாட்டிலேயே இன்னும் இருப்பதாக அது நினைக்கிறது. மொட்டை மாடியில் கால் மணி நேரம் ஆன் பண்ணி வையுங்கள். செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையும் இறங்க 12.5 நிமிடம் ஆகும், அதற்கப்புறம் சட்டென்று பிடிக்கும்.

தேதி சுமார் இருபது ஆண்டு பின்னால் காட்டுகிறதா? ஜிபிஎஸ் வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டுப் பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரல் 6 இரவு. அதற்கு முந்திய பழைய கருவிகள் சில அன்றே குழம்பின. நிறுவனம் மென்பொருள் புதுப்பிப்பு கொடுத்திருந்தால் கம்ப்யூட்டரில் செருகி ஏற்றிவிடலாம். கொடுக்காத மாடல் என்றால் வண்டியிலிருந்து கழற்றிவிடுங்கள்.

மேப்பே தப்பு

விக்கிரவாண்டி–கும்பகோணம்–தஞ்சாவூர் சாலை அகலமானபோது புதுப் புறவழிகள் வந்தன. பழைய மேப் வைத்திருப்பவருக்கு அங்கே வண்டி வயலில் ஓடுவதாகத் தெரியும். மேப்பைப் புதுப்பித்தால் தீரும். புதுப்பித்தும் தீராத தப்புகளை நாம்தான் திருத்த வேண்டும், வேறு யாரும் வந்து வெண்ணாற்றங்கரையில் நின்று பார்க்கப் போவதில்லை. கூகுள் மேப்பில் அந்தச் சாலையை அழுத்தி, திருத்தம் சொல்லும் வழியாகச் "சாலை மூடியிருக்கிறது" என்றோ "இங்கே சாலை இல்லை" என்றோ படத்தோடு அனுப்பலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி நீங்களே மாற்றலாம்: நடைபாலம் என்றால் மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை என்றும், தரைப்பாலம் என்றால் தண்ணீர் கடக்கும் இடம் என்றும், மணல் தடம் என்றால் கோடைக்கு மட்டும் என்றும் குறியுங்கள். ஓட்டிக்கொண்டே செய்யாதீர்கள். அந்த இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து, இடத்தைச் சேமித்துவிட்டு, அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து செய்யுங்கள். இடத்தைச் சேமிக்காவிட்டால் எந்த மதகு, எந்தக் கரை என்பது இரவுக்குள் மறந்துபோகும்.